நெடிலை விழுங்கிய போன்

கோபம் வந்தால் தேவயானியின் குரல் ஏறாது, இறங்கும். அரியலூரை ஒட்டிய சிமெண்ட் ஆலை ஒன்றில் பதினான்கு வருடமாக அவள்தான் டெலிபோன் ஆபரேட்டர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து லாரி ஷெட் வரைக்கும் முந்நூற்றுச் சொச்சம் எண்கள் அவளுக்கு மனப்பாடம். “யாரும்மா அது, சீக்கிரம் லைனைக் குடு” என்று எவராவது எகிறினால், “சொல்லுங்க சார்” என்பாள், அடித்தொண்டையிலிருந்து, மெதுவாக. அதை ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை ஒழுங்காகப் பேசினார்கள்.

பிறந்தது உடையார்பாளையத்துப் பக்கம். நாலு வயதில் தட்டம்மை போட்டது. அம்மை இறங்கியபோது பார்வையும் இறங்கிவிட்டது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள், தமிழில் பி.ஏ. முடித்தாள். வேலை கிடைத்ததும் தங்கை குடும்பத்தோடு அரியலூருக்கு வந்து சேர்ந்தாள். பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம், “வேலைக்குப் போற பொண்ணுதானே, கண்ணு தெரியலன்னா என்ன” என்று பெருந்தன்மையாகச் சொன்னது. தேவயானி காபி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அவர்களுக்கு பஸ் நேரம் சொன்னாள்.

தொடுதிரை போன் அவள் கைக்கு வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ, வந்த செய்தி என்ன சொல்கிறதோ, அதையெல்லாம் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருள் போனுக்குள்ளேயே இருக்கிறது. கண் தெரியாதவர்கள் அதை ரீடர் என்பார்கள். தொடக்கத்தில் அதை நிதானமாகப் பேசவிட்டுக் கேட்டாள். மாதத்துக்கு ஒரு படி வேகத்தைக் கூட்டினாள். ஒரு வருடத்தில் அது பேசுவது மற்றவர்கள் காதுக்குச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு சொல்லும் தப்பாது. நாளிதழ் முழுவதையும் ஆலை வேன் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவாள்.

ஒருநாள் போன் தானாகப் புதுப் பதிப்புக்கு மாறியது. அன்றிலிருந்து வரும் அழைப்பை எடுக்கும் பொத்தான் அவள் விரலுக்கு அகப்படவில்லை. மணி அடிக்கும், எடுக்க முடியாது. பதினோரு நாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைக்காரன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கே, இதுல என்ன கோளாறு? உங்களுக்கு என்ன தெரியப்போவுது?” என்றான். தேவயானி போனை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் சோதனைப் பதிப்பு என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டாள். புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்புவதற்குச் சில வாரம் முன்பே கம்பெனி அதை விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுக்கும். அவர்கள் பயன்படுத்திப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதி அனுப்பவேண்டும். தேவயானி பழைய போன் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினாள். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேன்டீன் பின்பக்கத்து பெஞ்சில் அரைமணி நேரம் அந்தப் போனோடு உட்காருவாள். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதின்மூன்று புகார்கள் எழுதியிருந்தாள். அதில் நாற்பதைச் சரிசெய்திருப்பார்கள். மற்றவை எங்கே போயின என்று அவளுக்குத் தெரியாது.

“அவன் வேலையை நீ ஏன்க்கா சும்மா செய்யுற?” என்று தங்கை கேட்பாள்.

“அவன் தப்பு பண்ணா விழுறது நான்தான்” என்பாள் தேவயானி.

போன மார்ச்சில் வந்த சோதனைப் பதிப்பில் ரீடருக்குப் புதுக்குரல் கொடுத்திருந்தார்கள். இனிமையான பெண்குரல். மூன்றாம் நாள் காலையில் ஆலை வேன் ஓட்டுநரிடமிருந்து, சோதனைக்காக அவரிடம் எண் கொடுத்திருந்த அந்தப் பழைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. குரல் வழக்கம்போலக் கடகடவென்று படித்தது. ‘இன்னைக்கு வேன் வருது’ என்றுதான் அவள் காதில் விழுந்தது. தெருமுக்கில் போய் நாற்பது நிமிடம் நின்றாள். வேன் வரவில்லை. செய்தியை மறுபடி எடுத்து எழுத்தெழுத்தாக ஓட்டிப் பார்த்தாள். வ. ரா. து.

‘வராது’ என்று எழுதியிருப்பதைப் புதுக்குரல் ‘வரது’ என்று படித்திருக்கிறது. அந்த வேகத்தில் ‘வரது’க்கும் ‘வருது’க்கும் வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது. தமிழ் படித்தவளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. ஒரு துணைக்கால் போனால் நெடில் குறிலாகும், அவ்வளவுதான். ஆனால் வராது, நடக்காது, முடியாது, கிடைக்காது, கூடாது என்று நம் பேச்சின் மறுப்பெல்லாம் அந்த நெடிலில்தான் நிற்கிறது. அதை விழுங்கிவிட்டால் இல்லை என்பது ஆமாம் ஆகிவிடும்.

அன்று மதியமே எழுதி அனுப்பினாள். இது உச்சரிப்புக் குறை இல்லை, அர்த்தமே தலைகீழாகிறது, இந்தப் பதிப்பை இப்படியே வெளியிடாதீர்கள் என்று கடைசி வரியில் சேர்த்தாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் சோதனையில் இந்தக் கோளாறு தென்படவில்லை. போன் தப்பாகப் படிப்பதைப் பதிவு செய்து அனுப்பினாள். பதிவு தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். ஏப்ரல் கடைசியில் அவளுடைய புகாரின் மேல் ஒரு சொல் ஏறியது: சரிசெய்யப்பட்டது.

தேவயானி வேன்காரர் செய்தியைத் திறந்து ஒருமுறை படிக்கவிட்டுக் கேட்டாள். ‘வராது.’ நெடில் நீளமாக, அழகாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். தங்கையிடம்கூடச் சொன்னாள். மே மாதம் அந்தப் பதிப்பு எல்லோருக்கும் வெளியானபோது, தன் கையோடு இருக்கும் போனிலும் அதை ஏற்ற அனுமதி கொடுத்தாள்.

*

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று உண்டு. செயலாளர் வைரக்கண்ணு. பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். போலியோவில் இரண்டு காலும் போனவர். திருச்சி அறக்கட்டளை ஒன்று மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயங்கொண்டத்தில் கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தும். டாக்டர் வருவார், ஊன்றுகோலுக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் அளவெடுப்பார்கள். முகாம் பற்றிய தகவலை அறக்கட்டளையின் சசிகலா தேவயானிக்கு அனுப்புவாள். தேவயானி நாற்பத்துமூன்று பேருக்குப் போன் போட்டுச் சொல்வாள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்குக் கண் தெரியாது. எட்டு வருடமாக இது அவள் பொறுப்பு. ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை செய்தி வந்தபோது அவள் சுவிட்ச்போர்டில் இருந்தாள். ஒரு காதில் ஆலை, மறுகாதில் போன். குரல் படித்தது. சசிகலா எழுதியிருந்தது இரண்டே வரி: ‘வர்ற செவ்வாய் ஜெயங்கொண்டத்துல முகாம் நடக்காது. எல்லாருக்கும் சொல்லிடுங்க.’ தேவயானி கேட்டது ‘நடக்குது’. மாதாமாதம் நடக்கிற முகாம்தானே. அன்று சாயங்காலமும் சனிக்கிழமையும் உட்கார்ந்து நாற்பத்துமூன்று பேருக்கும் சொன்னாள். “செவ்வாக்கெழம காலையில பத்து மணிக்கு வந்துருங்க.”

அக்னி நட்சத்திரம். ஆண்டிமடத்திலிருந்தும், குன்னத்திலிருந்தும், லப்பைக்குடிகாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறியும் முப்பத்தெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். மண்டபத்து கேட் பூட்டியிருந்தது. வாசலில் நிழல் என்று ஒன்றும் கிடையாது. சிமெண்டுத் தளம் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தேவயானி பத்தேகாலுக்கு இறங்கியபோது எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். “என்னா தேவயானி, கேட்டு பூட்டிக் கெடக்கு?”

சசிகலாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, நடக்காதுன்னுதானே அனுப்பிச்சேன்?” என்றாள் சசிகலா.

“நடக்குதுன்னு அனுப்பிட்டு இப்ப மாத்திப் பேசாதீங்க. என் காதால கேட்டேன்.”

“அக்கா, நீங்களே எடுத்துப் பாருங்க...”

“பாக்குறதா? என்னையப் பாக்கச் சொல்றீங்களா? முப்பத்தெட்டுப் பேரு வெயில்ல நிக்கிறாங்க. கண்ணு தெரியுற திமிருல பேசுறீங்களா நீங்க?”

குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது. சசிகலா அழ ஆரம்பித்தாள். தேவயானி போனை வைத்துவிட்டாள். அப்போதுதான் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

விழுந்தது உண்ணாமலை. ஆண்டிமடத்துக்காரி, ஐம்பது வயது, பிறவியிலேயே பார்வை இல்லாதவள். முந்திரிப் பருப்பின் தோலை விரலாலேயே தடவி உரிக்கிற வேலை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பி வந்திருக்கிறாள். வெயில் தலைக்கேறி, வாசற்படி விளிம்பில் கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டு.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்தவன் காமில். லப்பைக்குடிகாட்டுக்காரன், முப்பத்தைந்து வயது. துபாயில் வெல்டிங் வேலை செய்த இடத்தில் வெடித்த சிலிண்டர் இரண்டு வருடத்துக்கு முன் அவன் கண்களைப் பறித்திருந்தது. உண்ணாமலையை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப் போனதும், வெளி பெஞ்சில் அவன் வெடித்தான்.

“நீங்க சொன்னீங்கன்னுதானே அக்கா வந்தோம்? நா ரெண்டு பஸ்ஸு மாறி, ரோட்டுல ரெண்டு எடத்துல முட்டிக்கிட்டு வந்தேன். இந்த அம்மா கை போச்சு. யா அல்லா, ஒரு தடவ சரியாக் கேட்டுச் சொல்லக்கூடாதா?”

“நா சரியாத்தான் கேட்டேன். தப்பு அந்த சசிகலா மேல. இந்தாங்க, உங்களுக்கே அனுப்புறேன், கேளுங்க.”

செய்தியை அவனுக்குத் தள்ளிவிட்டாள். அவன் போன் மணியடித்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தது. “வர்ற செவ்வாய். ஜெயங்கொண்டத்துல. முகாம். நடக்காது.”

அவன் மறுபடி படிக்கவிட்டான். அதே சொல்.

“நடக்காதுன்னுதான் இருக்கு அக்கா” என்றான் காமில். கோபம் போய் குரலில் குழப்பம் வந்திருந்தது.

தேவயானி தன் போனில் எழுத்தெழுத்தாக ஓட்டினாள். ந. ட. க். கா. து. மார்ச்சில் கண்டுபிடித்துச் சொன்ன அதே கோளாறு. சரிசெய்யப்பட்டது என்று அவர்களே சொன்னது. அந்த ஒரு சொல்லை நம்பி, ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு, தன் போனில் ஏற்றிக்கொண்டவள் அவள்தான். ஆறு வருடம் இதே வேலையாக இருந்தவளுக்கு, சரியானது என்று எவன் சொன்னாலும் மறுபடி எல்லா வழியிலும் சோதிக்கவேண்டும் என்று தெரியாதா? தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அடிக்கவில்லை. “உங்க போனு என்ன பதிப்பு?” என்று காமிலைக் கேட்டாள்.

அதே கம்பெனி. அதே பதிப்பு. அதே பெண்குரல். ஒவ்வொரு அமைப்பாக இரண்டு பேரும் ஒப்பிட்டார்கள். கடைசியில் மிச்சமிருந்தது வேகம். காமில் ரீடருக்குப் புதியவன், இயல்பு வேகத்தில் வைத்திருந்தான். தேவயானியுடையது உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

“கூட்டுங்க. ஒவ்வொரு படியா.”

அவன் கூட்டக் கூட்ட அவள் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினாள். நடக்காது. நடக்காது. நடக்காது. ஐந்தாம் படி வரை நெடில் நின்றது. ஆறாம் படியில் குரல் இனிமையாகச் சொன்னது: நடக்கது. காதுக்கு அது நடக்குதுதான்.

“என்னக்கா இது!” என்றான் காமில்.

செய்தியைத் திறந்து படித்தால் எந்த வேகத்திலும் சரியாக இருந்தது. வந்தவுடன் தானாகப் படிக்கும்போது மட்டும், ஆறாம் படிக்கு மேல் மட்டும், நெடில் காணாமல் போனது. அவர்கள் சரிசெய்தது ஒரு வாசலை. மறுவாசல் திறந்தே கிடந்தது.

தேவயானி அங்கேயே சசிகலாவை மறுபடி அழைத்தாள். “தப்பு உங்க மேல இல்ல. என் போனு பொய் சொல்லியிருக்கு. நா உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க” என்றாள். சசிகலா, “பரவால்லக்கா” என்றாள். பரவாயில்லை என்ற குரல் அதில் இல்லை.

உண்ணாமலை மாவுக்கட்டோடு வெளியே வந்தாள். “வுடு தங்கச்சி, வெயிலு அடிச்சா நீ என்ன பண்ணுவ?” என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவயானிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் வைரக்கண்ணு எழுந்து நிற்க முடியாதவர் என்பதால் மைக்கை வாங்கிக்கொண்டு பேசினார். “தேவயானி மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இனிமே தகவல் சொல்ற வேலைய கண்ணு தெரிஞ்ச ஒரு ஆளு பாக்கட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது.”

“அண்ணே, தப்பு கண்ணுல இல்ல. போன்ல” என்றாள் தேவயானி.

“போனு எல்லாருகிட்டயும்தாம்மா இருக்கு.”

நாலைந்து பேர் ஆமாம் என்று முனகினார்கள். சொன்னவர்களில் இரண்டு பேர் பார்வை இல்லாதவர்கள். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. எட்டு வருடம் நாற்பத்துமூன்று பேருக்கும் கண்ணாக இருந்தது யார் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். காமில் கூடவே எழுந்து வந்தான்.

புகாரை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். எந்தப் பதிப்பு, எந்தப் படி, எந்தச் சொல், எத்தனை முறை சோதித்தோம், எத்தனை முறை தப்பானது என்று விவரமாக எழுதி, உண்ணாமலை விழுந்ததையும் சேர்த்தார்கள். நாலு நாளில் பதில்: சிறிய உச்சரிப்புச் சிக்கல், முன்னுரிமை குறைவு.

தேவயானி மறுபதிலில் ஒரே ஒரு கேள்வி எழுதினாள். ‘உங்கள் ஊர் ஆஸ்பத்திரி இந்த மருந்து ஒத்துக்காது என்று அனுப்பிய செய்தியை உங்கள் போன் ஒத்துக்குது என்று படித்தால், அதுவும் சிறிய சிக்கலா?’ அந்தக் கடிதத்தின் நகலைத் தனக்குத் தெரிந்த பார்வையற்றோர் குழுக்கள் அனைத்துக்கும் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் அசைவு தெரிந்தது. சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து பாலசுந்தரம் என்பவர் அழைத்தார். சோதனைப் பிரிவில் தமிழுக்குப் பொறுப்பு அவர்தான். காமில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தேவயானி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், உங்க ரிப்போர்ட் ரொம்ப விரிவா இருக்கு, தேங்க்ஸ். நாங்க பாத்துட்டு இருக்கோம். அதுவரைக்கும் நீங்க வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கலாமே?”

“நீங்க பேப்பர் படிக்கிறப்போ ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சுப் படிங்கன்னு யாராச்சும் சொன்னா படிப்பீங்களா சார்?”

“இல்ல மேடம், தற்காலிகமா...”

“எங்களுக்கு அந்த வேகந்தான் படிப்பு. ஆபீஸ்ல மத்தவங்க ரெண்டு பார்வையில முடிக்கிறத நாங்க அந்த வேகத்துலதான் முடிக்கிறோம். அதக் குறைச்சா வேலையில என்னய எவன் வச்சுக்குவான்? சரி, அது இருக்கட்டும். ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க.”

“எதுக்கு மேடம்?”

“எடுங்க சார்.”

காமில் பத்துச் செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பினான். வண்டி நிக்காது. கடை தெறக்காது. பணம் வருது. இப்படிச் சிலது ஆமாம், சிலது இல்லை. அழைப்பில் இருந்த போனுக்குப் பக்கத்தில் தேவயானி வைத்த பழைய போன் படபடவென்று படித்தது. எது நடக்கும், எது நடக்காது என்று எழுதச் சொன்னாள். இந்த வேகத்தில் ஒன்றுமே புரியவில்லை என்றார் பாலசுந்தரம். கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள் என்று மறுபடி ஓட்டினாள். மூன்றாவது முறையில் அவர் மெதுவாகச் சொன்னார். “பத்துமே ஆமாம்னுதான் கேக்குது மேடம்.”

“அதுல ஏழு ‘இல்ல’ சார்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு கேக்குறேன்” என்றாள் தேவயானி. “மார்ச்சுல நா அனுப்புனப்ப, தென்படலன்னு எழுதுனது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எப்படிச் சோதிச்சீங்க?”

அவர் தயங்கினார். பிறகு மறைக்காமல் சொன்னார். “குரலுக்கு அனுப்புற எழுத்து சரியாப் போகுதான்னு பார்ப்போம் மேடம். ‘வராது’ன்னு சரியாத்தான் போச்சு. ஸ்க்ரீன்ல பாத்தேன்.”

“கேக்கல?”

“ஒரு தடவை நார்மல் வேகத்துல கேட்டேன். உங்க ரெக்கார்டிங் ரொம்ப வேகமா இருந்துச்சு. புரியல. அதான் தெளிவா இல்லன்னு...”

“கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுச் சொல்ற பொருள” என்றாள் தேவயானி. குரல் எவ்வளவு இறங்கியிருந்தது என்றால் காமில் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டான். “கண்ணால பாத்துச் சரின்னு எழுதியிருக்கீங்க. உங்க ஆபீஸ்ல கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு சார்?”

“தமிழ்ல... யாரும் இல்ல மேடம்.”

“நா இருந்தேன். ஆறு வருஷமாச் சும்மா இருந்தேன். சொன்னேன். நீங்க என் காத நம்பல. உங்க கண்ண நம்புனீங்க. ஆண்டிமடத்துல ஒரு பொம்பள மணிக்கட்டு ஒடைஞ்சு உக்காந்துருக்கு. அவங்க சோறு அந்தக் கைலதான் இருக்கு. அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

பாலசுந்தரம் சாக்குச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். மூன்று வாரத்தில் சரிசெய்து அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

புதிய திருத்தம் வந்த அன்று தேவயானியும் காமிலும் மூன்று மணி நேரம் சோதித்தார்கள். வந்தவுடன் படிப்பது, திறந்து படிப்பது, பூட்டிய திரையில் படிப்பது, ஒன்றாம் படியிலிருந்து உச்சப் படி வரை. நெடில் எல்லா இடத்திலும் நின்றது. கடைசியாக, திருத்தத்தோடு வந்த அறிவிப்பைப் படிக்கவிட்டாள். ‘பேச்சுச் சேவையில் சிறு மேம்பாடுகள்.’

மறுபடி படிக்கவிட்டாள். அதேதான்.

“மேம்பாடா?” என்றாள். பாலசுந்தரத்தை அழைத்து, இரண்டு மாதமாக இல்லையை ஆமாம் என்று படித்தோம், பழைய செய்திகளைச் சரிபாருங்கள் என்று போடச் சொன்னாள். அதெல்லாம் தன் கையில் இல்லை, மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் அவர். சரி, நானே சொல்கிறேன் என்று அவள் குரல்பதிவு ஒன்றைச் செய்து, தமிழ்நாடு முழுக்க இருக்கும் பார்வையற்றோர் குழுக்களுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடப் பதிவு. ஒரு வசவுச் சொல் இல்லை. கேட்டவர்கள் அதைவிட வசவு தேவலை என்றார்கள்.

பதில்கள் வரத் தொடங்கின. விருத்தாசலத்தில் ஒருவர், நிற்காது என்ற ரயிலுக்காக நடைமேடையில் காத்திருந்திருக்கிறார். தேனியில் ஒரு கல்லூரிப் பெண், தேர்வறைக்குள் தனக்காக எழுதித்தரும் துணை ஆளுக்கு அனுமதி கிடைக்காது என்ற செய்தியைக் கிடைக்குது என்று கேட்டு, அந்த ஆளோடு போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறாள். அத்தனை பேரும் தங்கள் காதில்தான் கோளாறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதைக் கேட்க தேவயானிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு பதிலையும் ஊரும் பேரும் தேதியும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வைரக்கண்ணு ஒருநாள் போன் செய்தார். புதிதாகத் தகவல் சொல்ல வைத்த ஆள் பாதிப் பேருக்குச் சொல்லவே இல்லையாம். “நீயே பாத்துக்கம்மா. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி கண்ணு தெரிஞ்ச யாராச்சும் ஒருதடவ...”

“மாட்டேன் அண்ணே” என்றாள். “காமிலும் நானும் பாக்குறோம். அவரு மெதுவாக் கேப்பாரு, நா வேகமாக் கேப்பேன், ரெண்டும் ஒண்ணா இருந்தாச் சொல்லுவோம். எழுத்தெழுத்தாவும் ஓட்டிப் பாப்போம். அதுக்கு மேல கண்ணு வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னய எடுத்தீங்க. குடுக்குறதையும் கூட்டத்துலயே குடுங்க.”

வைரக்கண்ணு இரண்டு நாள் யோசித்தார். அடுத்த கூட்டத்தில் மைக்கில் சொன்னார். தேவயானி நன்றி சொல்லவில்லை.

உண்ணாமலைக்குக் கட்டுப் பிரித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கை முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் தோல் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள், பாதி வேகம்கூட வரவில்லை. தேவயானியும் காமிலும் ஆண்டிமடம் போயிருந்தபோது, முறத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். “அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னயப் பத்தித் தெரியுமா?”

“எழுதியிருக்கோம்க்கா.”

“பேரு போட்டீங்களா?”

தேவயானி யோசித்தாள். ஆண்டிமடத்தில் ஒரு பெண் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

“பேரு போடு. ஊருல ஒருத்தின்னா அவனுக்கு யாரு தெரியும்? உண்ணாமலைன்னு போடு” என்றாள். அன்றுதான் முதல்முறையாக அவள் குரலிலும் கோபம் தெரிந்தது.

பெயர் போட்டு, விருத்தாசலத்துக்காரர் பெயரும் தேனிப் பெண்ணின் பெயரும் இன்னும் பத்தொன்பது பேர் பெயரும் போட்டு, நடந்ததை நடந்தபடி வெளியிடவேண்டும் என்று தேவயானி கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். திங்கட்கிழமைதோறும் ஒன்று அனுப்புகிறாள். இதுவரை பதினோரு கடிதம் போயிருக்கிறது. ஒன்பதாவது கடிதத்துக்குப் பதிலாக, சிறந்த சோதனையாளர் என்று அவள் பெயர் அச்சடித்த சான்றிதழும் ஒரு பனியனும் தபாலில் வந்தன. தங்கை பிரித்துப் பார்த்து, துணி நல்ல துணி என்றாள். தேவயானி இரண்டையும் அப்படியே மடித்து, பெட்டியை ஒட்டி, பத்தாவது கடிதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.